சனிக்கிழமைக்காரர்கள்

அந்த அறையைக் கண்டுபிடித்தது தையல்காரிதான். சலவை நிலையத்துக்குப் பின்பக்கம், ஒரு காலத்தில் சோப்புத்தூள் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த இடம். ஒரு ஜன்னல், ஒரு குழாய், சுவரைத் தொட்டால் விரலில் ஒட்டும் சோப்பு வாசனை. சலவை நிலையத்து முதலாளி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டிருந்த மனிதர். அவருடைய கால்சட்டைகளை இடுப்பில் பிரித்து விட்டுத் தருவது அவள்தான். அந்த உரிமையில் கேட்டாள்.

"சனிக்கிழமை மட்டும் குடுங்கண்ணே. சாயங்காலம் கூட்டிப் பெருக்கிச் சாவியக் குடுத்துடுறோம்."

எதற்கு என்று கேட்டார். சொன்னாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "வச்சுக்கங்க" என்றார்.

மூன்று குடும்பங்கள். மருத்துவமனையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் வாராவாரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்கள். டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய மகளுக்கு நடக்க வராது, பேச வராது. சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி, கதவு திறந்தாலும் சிரிப்பாள், மூடினாலும் சிரிப்பாள். அடுத்தவர் மருந்துக்கடைக்காரர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகனைத் தனியாக வளர்ப்பவர். மகனுக்கு மீசை முளைத்துவிட்டது, மனசு மட்டும் ஒன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது. பார்ப்பவர்களுக்கெல்லாம் கை கொடுப்பான், கொடுத்த கையை விடமாட்டான். மூன்றாவது, தையல்காரியின் மகன். அவனைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தான் என்பதால் வந்த பெயர்.

ஏற்பாடு எளிமையானது. சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் மூன்று பேரும் அந்த அறைக்கு வந்துவிட வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்கள் இருந்து பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது வீட்டுக்கு அன்று விடுதலை. அடுத்த வாரம் அடுத்தவர் முறை.

"போயும் போயும் சனிக்கிழமையில வச்சிருக்கோம்" என்றார் மருந்துக்கடைக்காரர். "நமக்குப் பிடிச்ச சனி பத்தாதா?"

"பிடிச்சது விடுற நாளுண்ணே இது" என்றாள் டீச்சர். அதிலிருந்து அவர்கள் சனிக்கிழமைக்காரர்கள் ஆனார்கள். பெஞ்சில் இருந்த மற்றவர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

தன்னுடைய முதல் விடுதலை நாளில் தையல்காரிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் துணி குவிந்து கிடக்கும், கை சும்மா இருக்காது. தெருமுனையில் சிறிது நேரம் நின்றாள். அப்புறம் நிறுத்தத்துக்குப் போய், கணவன் ஓட்டும் பேருந்து வரும்வரை காத்திருந்து ஏறினாள். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. கண்டக்டர் புது ஆள்.

"டிரைவர் சம்சாரம்" என்றாள் மெதுவாக.

"எல்லா டிரைவருக்கும் சம்சாரம் இருக்காங்கம்மா. டிக்கெட் எடுங்க."

முன்னால் கணவனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான். அவன் சிரித்து அவள் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! கடைசி நிறுத்தம்வரை போனார்கள், திரும்பி வந்தார்கள். அவனுடைய பிடரியில் முடி நரைத்திருப்பதை அன்றுதான் கவனித்தாள். இறங்கும்போது அவன் கண்ணாடி வழியாக, "அடுத்த முறை எப்போ?" என்று கேட்டான். காதலிக்கிற பையன் கேட்கிற மாதிரி இருந்தது.

டீச்சர் தன் முறை வந்தால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் மல்லாந்து கிடப்பாளாம். மருந்துக்கடைக்காரர் முடிவெட்டும் கடைக்குப் போய்விடுவார். வெட்டுவதற்குத் தலையில் அதிகம் இல்லை. ஆனாலும் போவார், அங்கே பேசுவதற்கு ஆள் இருக்கிறது.

இப்படிச் சில வருடங்கள் ஓடின. நல்ல வருடங்கள் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதை யாரால் நிறுத்த முடியும்? டீச்சர் மகள் நீளமானாள், எலும்பு மட்டும் குச்சியாகவே இருந்தது. குட்டி எல்லாப் பக்கமும் வளர்ந்தான். அப்பனுடைய சட்டை அவனுக்கு அளவாக இருக்கத் தொடங்கியது, பிறகு போதாமல் போயிற்று. அவனுக்கு வார்த்தை கிடையாது. தண்ணீர் பிடிக்கும். அறைக் குழாயைத் திறந்துவிட்டு, விரல் நுனியை அந்தக் கம்பி போன்ற தண்ணீரில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பான். தண்ணீர் ஓடும்வரைக்கும் உலகத்தில் அவனைப் போல் சாது கிடையாது. யாராவது மூடினால் முதலில் தன் மணிக்கட்டைத் தானே கடிப்பான். அதற்குள் திறந்துவிட வேண்டும். சின்ன வயதில் திறக்காவிட்டாலும் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இப்போது அவனைத் தூக்க யாரால் முடியும்? தையல்காரியின் முன்கையில் பல் தடங்கள் இருந்தன. கோடையிலும் முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டாள். கேட்பவர்களிடம், "வெயில் ஆகாது எனக்கு" என்பாள்.

அன்று அவளுடைய விடுதலை நாள். பொத்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அறையில் டீச்சரும் மருந்துக்கடைக்காரரும். டீச்சர் மகளுக்கு முகம் கழுவிவிட்டு, நாற்காலியைக் குழாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்தி, துண்டெடுக்கத் திரும்பியிருக்கிறாள். சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தாள். எப்போதும் போடுவாள், அவ்வளவு ஜாக்கிரதை. அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றது. தெருவுக்கே நின்றதாம். குட்டி குழாயைத் தட்டினான், திருகினான், மணிக்கட்டைக் கடித்தான். மருந்துக்கடைக்காரர் அவன் பக்கம் வருவதற்குள், வழியில் இருந்த நாற்காலியைத் தள்ளினான். பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் அது உருண்டு போயிருக்கும். பூட்டியிருந்ததால் சாய்ந்தது.

தையல்காரி வந்தபோது அறை வாசலில் மருந்துக்கடைக்காரரின் மகன் மட்டும் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே குட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மருந்துக்கடைக்காரர் அவனுக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி.

"எங்கண்ணே டீச்சர்?"

"ஆஸ்பத்திரிக்கு. கை." அவர் தன் மேல்கையைத் தொட்டுக் காட்டினார். "ஒடைஞ்சிருச்சும்மா. சத்தம் கேட்டுச்சு."

"அழுதாளா?"

"அதான் தாங்க முடியல. மொதல்ல சிரிச்சுது. அப்புறந்தான் அழுதுச்சு."

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்கள் மட்டும் கூடினார்கள். குட்டியை அவன் அப்பா விடுப்புப் போட்டு வீட்டில் வைத்திருந்தான். மருந்துக்கடைக்காரரின் மகன் கடையில், பக்கத்துக் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு. டீச்சரின் மகளோடு அவள் தங்கை. டீச்சர் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். வெளியே சலவை இயந்திரம் உருளும் சத்தம்.

தையல்காரி வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். சொல்லிவிட்டாள்.

"இனிமே நான் அவனக் கூட்டிட்டு வரல."

சொல்லும்போது, யாராவது ஒருத்தர் "அதெல்லாம் என்ன பேச்சு" என்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அது இருந்தது என்பதே, யாரும் அப்படிச் சொல்லாதபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். மருந்துக்கடைக்காரர், "நீங்க மட்டும் வாங்களேன், சும்மா" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அபத்தமாகப் பட்டிருக்க வேண்டும். குட்டியை விட்டுவிட்டு அவள் எப்படி வருவாள்?

அன்று முதலாளியிடம் சாவி வாங்கியிருந்தது அவள்தான். எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் கணவன் எல்லாவற்றையும் கேட்டான். "அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்" என்றான். அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவன் டீச்சரைத் திட்டியிருந்தால் தேவலை. யாரையாவது திட்டலாம் என்றால் திட்டுவதற்கு யாருமே இல்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பிள்ளைகளைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய தூரம். காரை பூசிய நீளமான கட்டடம், கம்பி போட்ட தாழ்வாரம். பொறுப்பாளர் அம்மாள் குட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு நாள் வச்சுப் பார்க்கலாம்" என்றாள். தையல்காரி அவனுக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னாள்: எது சாப்பிடுவான், எந்தப் பக்கம் படுப்பான், குழாய், மணிக்கட்டு. அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் தையல்காரி கணவனின் தோளில் சாய்ந்தாள். மூன்று நாள்! "நாளைக்கு நீங்க லீவு போடுங்க" என்றாள். "சும்மா இருப்போம்."

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது தொலைபேசி வந்தது.

"அம்மா, மறைக்காமச் சொல்றேன்" என்றாள் பொறுப்பாளர். "இங்க நாங்க ரெண்டே பேரு. பிள்ளைங்க வரிசையாப் படுத்திருக்காங்க. உங்க பையனச் சமாளிக்கணும்னா நான் கட்டித்தான் போடணும். கட்டட்டுமா, வர்றீங்களா?"

தட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அந்த அம்மாளின் கன்னத்தில் நகக்கீறல் இருந்தது. குட்டியின் பையை அழகாக மடித்து அடுக்கிக் கொடுத்தாள். "கட்டலைம்மா" என்றாள் வாசலில். "அது மட்டும் செய்யல."

மருந்துக்கடைக்காரர் ஒரு யோசனையோடு தையல்காரி வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்கிறேன், நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள் என்றார். மகனையும் கூட்டிவந்தார். முதல் வாரம் நன்றாகவே போனது. இரண்டாவது வாரம் மகன் குட்டிக்குக் கை கொடுத்தான், கொடுத்த கையை விடவில்லை. இழுபறியில் இடையில் போன மருந்துக்கடைக்காரரின் கண்ணாடி நொறுங்கியது. புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் வழிய, "ஒண்ணுமில்லம்மா, தோல்தான்" என்று பஞ்சால் அழுத்திக்கொண்டார். அடுத்த வாரமும் வருவேன் என்றார். வந்தார், படியேறி மேலே வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணே, நீங்க விழுந்தா உங்க பையன யார் பார்ப்பா?" என்றாள் தையல்காரி. "போங்க. தயவுசெஞ்சு வராதீங்க."

அவர் படியிலேயே உட்கார்ந்து அழுதார். வயதான ஆண் அழுவதைப் பார்த்து அவருடைய மகன் பயந்துபோய், தையல்காரியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான்.

டீச்சர் வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு வேலைநாள் மாலை, மகளுடைய கவுன்கள் சிலவற்றைப் பையில் எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள். மகளின் மேல்கையில் இன்னும் மாவுக்கட்டு இருப்பதால் எந்தச் சட்டையும் நுழையவில்லை. கழுத்திலிருந்து கை முழுக்கத் திறந்து மூடுகிற மாதிரி வேண்டும்.

"வேற டைலர்கிட்ட குடுத்தேன்க்கா. அளவு எடுக்கப் பிள்ளையத் தொடவே பயப்படுறாரு."

தையல்காரி அளவு கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் தோள் எவ்வளவு, மணிக்கட்டு எவ்வளவு என்று அவள் கைக்குத் தெரியும். தோளிலிருந்து தையலைப் பிரித்தாள், ஓரத்துக்குப் பட்டித் துணி வைத்தாள், பிரஸ் பட்டன் வரிசையாகப் பதித்தாள். டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் குட்டி நடக்கிற சத்தம் கேட்டது. டீச்சரின் கண் ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தக் கதவுக்குப் போய்ப் போய் வந்தது.

"எனக்கு அவன்மேல கோவம் இல்லக்கா. சத்தியமா இல்ல. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்கும்தான்" என்றாள்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

"பெத்த பிள்ளையப் பார்த்து யாராவது பயப்படுவாங்களா டீச்சர்? நான் பயப்படுறேன். அவனுக்கு முன்னால போகும்போது முதுகு கூசுது. இத அவங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்ல."

டீச்சர் எழுந்து வந்து அவளுடைய முழங்கையைப் பற்றினாள். கவுன்களைப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இரண்டே குடும்பம் என்றால் ஒருவர் தனியாக எல்லோரையும் பார்க்க வேண்டும். மருந்துக்கடைக்காரரால் இனி முடியாது.

"நீங்கதான்க்கா அதுக்கு அச்சாணி" என்றாள். "நீங்க இல்லாம ஓடல."

புகழ்ச்சிதான். தையல்காரிக்கு அது, நீங்களும் போய் எங்களையும் கவிழ்த்துவிட்டீர்கள் என்று சொன்ன மாதிரிதான் கேட்டது. டீச்சர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கணவன் உள்ளறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டான். ஒருநாள் அவள் இஸ்திரிப் பெட்டியோடு நின்றபோது குட்டி பின்னாலிருந்து முடியைப் பிடித்துவிட்டான், அதற்கப்புறம் வேறு வழி தெரியவில்லை. சின்ன வேலை, நாலு திருகாணிதான். ஆனால் காலையில் தொடங்கியவன் மாலைவரை செய்தான். ஓட்டை போட்டான், அடைத்தான், வேறு இடத்தில் போட்டான். முடித்துவிட்டு, "வேலை நேரத்துல மட்டும்தான்" என்றான். அவள் தலையாட்டினாள். இருவரும் அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்தப் பெண் வந்தது ஒரு முற்பகல். முன்பின் தெரியாதவள், சின்ன வயசு. தோளில் ஒரு பெண்குழந்தை, நாலு வயது இருக்கும், கழுத்து நிற்காமல் தாயின் கையில் தலை சாய்ந்து கிடந்தது.

"சனிக்கிழமைக்காரங்க வீடு இதுதானாக்கா? ஆஸ்பத்திரி பெஞ்சுல சொன்னாங்க. என்னையும் சேர்த்துக்குவீங்களா? என்ன வேலைன்னாலும் செய்றேன், எத்தனை பிள்ளைங்கன்னாலும் பார்ப்பேன்."

ஒரே மூச்சில் சொன்னாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள்.

"அது இப்ப இல்லம்மா" என்றாள் தையல்காரி.

"எப்போ மறுபடி?"

"இல்லம்மா. நின்னுபோச்சு."

அந்தப் பெண் அப்படியே நின்றாள். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. தையல்காரி துணிகளை ஒதுக்கி இடம் பண்ணி, தேநீர் போட்டுக் கொடுத்து, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். இவ்வளவு லேசான பிள்ளையை மடியில் வைத்து எவ்வளவோ காலமாயிற்று. எலும்பும் வெதுவெதுப்பும்தான். குழந்தையின் கண் தையல் ஊசியின் மினுக்கத்தைத் தேடிப் போயிற்று.

"இவங்கப்பா?" என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தேநீர் டம்ளர் இன்னும் கையில். தையல்காரி மெதுவாகக் குனிந்து டம்ளரை விரல்களிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினாள். இயந்திரத்தைத் தொடவில்லை. மதியத்துக்குள் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் அப்படியே கிடந்தன. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். குழந்தையின் உள்ளங்காலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எழுப்பாமல் சாயங்காலம்வரை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

உள்ளே முதல் தட்டல் கேட்டது. அப்புறம் இன்னொன்று. குட்டி உள்ளங்கையால்தான் தட்டுகிறான், அடுத்தது தோளால் இடிப்பான். மடியில் குழந்தை விலுக்கென்று உடம்பை முறுக்கியது.

"தங்கச்சி" என்றாள். அவள் அசையவில்லை. தோளைத் தொட்டு உலுக்க வேண்டியிருந்தது. "எந்திரிம்மா. எந்திரி."

அவள் பதறி எழுந்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரிய ஒரு கணம் பிடித்தது. "கண்ணசந்துட்டேன்க்கா, மன்னிச்சுக்கங்க" என்றபடி குழந்தையை வாங்கிக்கொண்டாள். கதவு அதிர்வதைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள், தன் குழந்தையைப் பார்த்தாள். வாசலில் திரும்பி, "நான் அடுத்த வாரம் சும்மா வந்து உக்காரட்டுமா? ஒரு அரைமணி நேரம்?" என்றாள்.

வா என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள் தையல்காரி. குச்சி போன்ற அந்தக் கழுத்து கண்ணில் பட்டது.

"வேணாம்மா" என்றாள். "பிள்ளையக் கூட்டிட்டு இங்க வராத."

அந்தப் பெண் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் தெருவில் கரையும்வரை தையல்காரி நின்றாள். பிறகு தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே போனாள். குட்டியின் கால்சட்டை நனைந்திருந்தது. அதற்காகத்தான் தட்டியிருக்கிறான். சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, "காலத் தூக்குடா" என்றாள். அவன் தூக்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.